மாதம்மா வீட்டு மேடை விளிம்பு

குருவிப்பாறை காலனியில் பிலோமினா வீட்டுச் சமையல் மேடையின் விளிம்பில் அவளுடைய மாமனார் தென்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த நேரம். இறந்து சில மழைக்காலங்கள் ஆகிவிட்ட அந்த மனிதர், இரண்டு விரல் அகலம்கூட இல்லாத அந்த வளைந்த கறுப்புக் கல்லுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பந்தியில் இலை போட்டும் இன்னும் பரிமாறப்படாதவர் எப்படிக் குனிந்திருப்பாரோ அப்படிக் குனிந்து காத்திருந்தார். பிலோமினா முதல் ஈடு வெந்ததும் ஒரு இட்லியை விண்டு விளிம்போரமாக வைத்துவிட்டு அடுத்த ஈடு ஊற்றினாள். பயமாக இல்லையா என்று பிற்பாடு கேட்டவர்களிடம், "பயம் என்ன பயம், உப்புப் பத்தலைன்னு மூஞ்சிய வச்சிருந்தாரு, உயிரோட இருந்தப்பவும் அதே மூஞ்சிதான்" என்றாள்.

அந்தக் காலனியில் பாதிப் பேர் கல் லாரி ஓட்டுகிறவர்கள், மீதிப் பேர் கல் அறுக்கிற கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். கம்பெனிச் சுவருக்குப் பின்னால் கொட்டிக் கிடக்கும் உடைந்த கிரானைட் துண்டுகளில் தேறியதைக் கொண்டுவந்து அவரவர் வீட்டு மேடையை அவரவரே போட்டுக்கொள்வதும், அதன் விளிம்பை ராவி உருட்டி மெருகேற்றுவதற்குச் காலனிச் சங்கத்துக்குச் சொந்தமான கை கிரைண்டரை முறைவைத்து வாங்கிப்போவதும் அங்கே வழக்கம். ஒரு வீட்டில் கிரைண்டர் ஓடினால் தெருச் சாக்கடையில் சாம்பல் நிறத் தண்ணீர் பெருகி ஓடும். அதைக் கல்பால் என்பார்கள். கல்பால் ஓடுகிற வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் குழம்பு கொடுத்தனுப்புவார்கள், அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதால்.

பிலோமினாவுக்கு அடுத்து எதிர்வீட்டிலும், அதற்கடுத்து முனை வீட்டிலும், பிறகு மேலத்தெரு முழுவதும் ஆட்கள் தென்பட்டார்கள். மேடையின் மேல்பரப்பு எவ்வளவு பளபளத்தாலும் அதில் யாரும் வருவதில்லை. கையால் உருட்டி, கையால் மெருகேற்றிய விளிம்பில் மட்டும்தான் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் செத்தவர்கள். அதிலும், அந்த வீட்டில் ஒரு முறையாவது கை நனைத்துச் சாப்பிட்டவர்கள். செத்த அன்றைக்கு இருந்த நரையோடும், அன்றைக்குப் போட்டிருந்த சட்டையோடும் வந்தார்கள். சின்ன வயதில் போன பிள்ளைகள் சின்னதாகவே உட்கார்ந்திருந்தன. அந்த வீடுகளில் சமையல்கட்டில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. டைல்ஸ் ஒட்டியவர்கள் வீட்டில் ஒரு டைலில் தலையும் அடுத்ததில் தோளும் நடுவே வெள்ளைச் சிமெண்டுக் கோடுமாகத் தெரிந்ததால், அவர்கள் டைல்ஸைப் பெயர்த்துவிட்டுக் கல் போட்டார்கள். கணக்கு வாத்தியார் தன் வீட்டு விளிம்பில் ஒரு முறையும், இரண்டு தெரு தள்ளி இருந்த தையல்காரப் பெண்ணின் வீட்டு விளிம்பில் இன்னொரு முறையும் தென்பட்டபோது பெரிய கலவரம் வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வாத்தியாரின் மனைவி நேராக அந்த வீட்டுக்குப் போய், விளிம்பையும் வீட்டுக்காரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல ரசம்னா தட்டைத் தள்ளுவாரு, இங்க ரசத்துக்குக் காத்துட்டு உக்காந்திருக்காரு பாரு" என்றாள். அதன்பிறகு அந்த இரண்டு பெண்களும் சேர்ந்தே ரேஷன் கடைக்குப் போய்வந்தார்கள்.

மெல்ல மெல்ல முறைகள் ஏற்பட்டன. வடித்த சோற்றில் முதல் கரண்டி விளிம்புக்கு. இடுப்பை விளிம்பில் சாய்த்து நிற்கக் கூடாது. அடுத்த வீட்டு விளிம்பை வீட்டுக்காரர் கூப்பிடாமல் குனிந்து பார்க்கக் கூடாது. ஒரு புது முகம் தென்பட்டால், காரியம் முடிகிறவரை விளிம்பை ஈரமான வெள்ளைத் துணியால் மூடிவைக்க வேண்டும்; துணி காயாமல் மேலே தண்ணீர் தெளிக்கலாம், தூக்கிப் பார்க்கக் கூடாது; காரியத்தன்று எல்லார் முன்னாலும் கூடப்பிறந்தவள், அவள் இல்லாவிட்டால் நெருங்கிய பெண் உறவு, துணியை எடுக்க வேண்டும். யார் இவற்றையெல்லாம் ஏற்படுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. சுற்று வட்டாரத்தில் யாராவது காணாமல் போனால், புகார் கொடுக்கப் போனவர்களிடம் போலீஸ்காரர்களே முதலில் மேடை விளிம்பை மெருகு போட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்லும் அளவுக்கு அது ஊரறிந்த விஷயமாயிற்று.

மாதம்மா வீட்டு மேடையின் விளிம்பு மட்டும் அறுத்தது அறுத்தபடி முரடாகவே இருந்தது.

அந்தக் கல்லைப் போட்டவன் அவள் கணவன் நஞ்சப்பன். போட்டு முடித்து, அதன்மேல் முதல் சமையலைச் சாப்பிட்டு, விளிம்பை லோடு இறக்கிவிட்டு வந்து உருட்டுகிறேன் என்று சொல்லி லாரி ஏறிப் போனவன் ஒன்பது வருஷமாக வரவில்லை. லாரி கிடைத்தது. துறைமுகம் போகிற சாலையில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வெளியே ஒழுங்காக ஓரங்கட்டி நிறுத்தி, சாவி முன் டயரின் மேல் இருந்தது. ஏற்றிய கல்லில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. விபத்தென்றால் ரத்தம் இருக்கும், கொள்ளையென்றால் கல் போயிருக்கும் என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். மூன்றாவதாக என்ன இருக்கக்கூடும் என்பதை மாதம்மா இருக்கும்போது பேசாமல் விட்டார்கள்.

நஞ்சப்பனின் அக்கா ருக்கம்மா பக்கத்துத் தெருவில் இருந்தாள். தம்பி செத்துத்தான் போயிருக்க வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. "எங்க அம்மா வயித்துல பொறந்தவன் பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு ஓடமாட்டான்" என்பாள். மாதம்மா அதற்கு ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. பொட்டு வைத்துக்கொண்டாள், கல் கம்பெனிக் கேன்டீனுக்குச் சப்பாத்தி போடப் போனாள், மகள் கோமளாவைப் படிக்கவைத்தாள். அந்த இரண்டுங்கெட்ட நிலையில் ஒரு மனுஷி கை கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடம் இருந்தது, அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. சங்கத்துக் கிரைண்டர் அவள் முறைக்கு வரும்போதெல்லாம் அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டாள்.

கோமளாவுக்கு வரன் வந்ததும்தான் அந்த இடம் பறிபோயிற்று. பையன் அவளோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தான். இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. பையனின் அம்மா இந்திராணி இரண்டு முறை வந்தாள், இரண்டு முறையும் தண்ணீர்கூடக் குடிக்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேசினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு தங்கம். ஆனா அப்பா விஷயம் தெரியணும்ல. பத்திரிகையில பேரை எப்படிப் போடறது சொல்லுங்க."

"பேரை மட்டும் போடுங்க" என்றாள் மாதம்மா.

"அது எப்படிங்க. செத்துட்டாருன்னா அது தலையெழுத்து, யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. இருந்துக்கிட்டே வரலைன்னா அது வேற கதை. நாளைக்கு எங்கிருந்தோ இன்னொரு குடும்பத்தக் கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிப்பாரு. எங்க பிள்ளை என்ன பண்ணும்?" இந்திராணி சமையல்கட்டுப் பக்கம் பார்த்தாள். "ஊரே விளிம்பு போட்டு வச்சிருக்கு. நீங்களும் மெருகு போட்டுட்டுச் சொல்லியனுப்புங்க. வந்து கை நனைக்கிறோம்."

இந்திராணி போன பிறகு மாதம்மா மகளைப் பார்த்தாள். கோமளா, வந்தவள் தொடாத காபியை மறுபடி பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியணுமாடி?"

"எனக்குத் தெரிய வேணாம்மா" என்றாள் கோமளா. "அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

மறுநாளே மாதம்மா கிரைண்டரை வாங்கிவந்தாள். உருட்டிக் கொடுக்கிறேன் என்று வந்த ஆண்களை அனுப்பிவிட்டாள். முதலில் பார்க்கிற கண் வேறு யாருடையதாகவும் இருக்கக் கூடாது. கோமளா வேலைக்குப் போனதும் கதவைச் சாத்தி, மேடை மேலிருந்ததையெல்லாம் இறக்கி, தண்ணீர் பாட்டில் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு விளிம்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டாள். கிரைண்டரில் முரட்டுத் தேய்ப்பு வட்டை மாட்டி முதலில் மேல்முனையைச் சாய்வாக எடுத்தாள், பிறகு கீழ்முனையை, பிறகு இரண்டு சாய்வுக்கும் நடுவிலிருந்த முதுகைத் தட்டித் தட்டி உருட்டினாள். ஒரே இடத்தில் மெஷினை நிறுத்தினால் பள்ளம் விழும் என்பதால், குழந்தையின் முதுகைத் தடவுகிற மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிற்காமல் போய்வந்தாள். கல்பால் சேலையில் தெறித்துக் காய்ந்து மொரமொரத்தது. வட்டு மாற்ற மாற்ற விளிம்பு சாம்பலிலிருந்து கறுப்புக்கும், கறுப்பிலிருந்து ஈரக் கறுப்புக்கும் போயிற்று. மழைக்கால ஜன்னல் மாதிரி மங்கலாக இருந்த ஒரு கட்டத்தில் உள்ளே ஏதோ வெளுப்பாக அசைந்தது. மெஷினை அணைத்துவிட்டு வெளியே வந்து வாசற்படியில் சற்று நேரம் உட்கார்ந்தாள். தெருச் சாக்கடையில் தன் வீட்டுக் கல்பால் ஓடுவதைப் பார்த்தாள். பிலோமினா குழம்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனாள்.

உள்ளே போய்க் கடைசி வட்டையும் போட்டாள். மெருகுப் பொடி தொட்டுக் கம்பளித் துணியால் தேய்த்தாள். டியூப்லைட்டின் கோடு விளிம்பில் நெளியாமல் விழுந்தது. மெருகு வந்துவிட்டது.

வெளுப்பாக அசைந்தது அவள் மாமியாரின் புடவை. அந்தப் புடவையோடுதான் அவளை எடுத்துக்கொண்டு போனார்கள். விளிம்பின் நடுவில், முழு இடத்தையும் தனக்கே எடுத்துக்கொண்டு, முழங்கால் மேல் கையை ஊன்றிக் குனிந்து கிழவி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கமும் யாரும் இல்லை, அந்தப் பக்கமும் யாரும் இல்லை. மாதம்மா டார்ச் எடுத்துவந்து கோடிக்குக் கோடி பார்த்தாள். இன்னொரு முறை தேய்த்துப் பார்த்தாள். கல்லில் குற்றமில்லை. மாமியார் புடவையின் கரைகூடத் தெரிந்தது.

அப்படியென்றால் அந்த ஆள் எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இந்த நிமிஷம் யாரோ ஒருத்தி அவருக்குப் பரிமாறிக்கொண்டிருக்கலாம். குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டிருக்கலாம். ஒன்பது வருஷம் அவள் எந்தப் பக்கமும் சாயாமல் பிடித்துவைத்திருந்த தராசு டக்கென்று ஒரு பக்கம் தரை தட்டியது. செத்தவருக்காக எடுத்துவைத்திருந்த அழுகை அப்படியே இருக்க, அதற்கு அடியிலிருந்து வேறொன்று எழும்பியது. அதற்கு என்ன பெயர் என்று அவள் யோசிக்கவில்லை.

கதவைத் தட்டியது ருக்கம்மா. கிரைண்டர் சத்தம் நின்றதைத் தன் வீட்டிலிருந்தே கேட்டிருக்கிறாள்.

"இருக்கானா?"

மாதம்மா கதவை முழுதாகத் திறக்காமல் நின்றாள். இல்லை என்றால் இந்திராணி நாற்காலி நுனியிலிருந்து எழுந்துவிடுவாள். கோமளா ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்காமலே வாழ்நாள் முழுக்க அப்பா சாப்பிடுகிற வீட்டை நினைத்துக்கொண்டிருப்பாள். ருக்கம்மாவோ, முட்டி போன காலோடு, சாலைச் சாப்பாட்டுக் கடைகளையெல்லாம் தேடிக்கொண்டு கிளம்புவாள்.

"இருக்காரு அண்ணி" என்றாள் மாதம்மா. "உங்க அம்மா பக்கத்துல."

உள்ளே போய் வெள்ளைத் துணியை நனைத்து, குனிந்து பார்க்காமலே விளிம்பை மூடிவிட்டு, பொட்டைத் துடைத்துவிட்டு, கதவைத் திறந்துவிட்டாள்.

அதன்பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ஒன்பது வருஷம் அவளைப் பார்த்ததும் பேச்சை மாற்றியவர்கள் வீடு தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஓடிப்போனவன் என்று பேசிய டிரைவர்கள் வாசலில் தலை குனிந்து நின்றார்கள். இந்திராணி ஆளனுப்பிக் காரியத்தன்று வந்து சாப்பிடுவதாகச் சொன்னாள். கோமளா அழுதாள், நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். மாதம்மாவும் தூங்கினாள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

காரியத்துக்கு முன்னால் துணியை எடுத்துவிட்டு முரட்டு வட்டால் விளிம்பை ஒரு ஓட்டு ஓட்டிவிடுவது, கை வழுக்கிவிட்டது என்று சொல்லிவிடுவது என்பது அவள் எண்ணம். ஆனால் ருக்கம்மா பாயைக் கொண்டுவந்து சமையல்கட்டிலேயே மேடையோரமாக விரித்துவிட்டாள். தம்பியை விட்டு நகரமாட்டேன் என்றாள். காலையும் மாலையும் துணிமேல் தண்ணீர் தெளித்து, துணியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"உன் லாரியை அந்தக் கடன்காரன் வித்துட்டான்டா. கோமளா உன்ன மாதிரியே கோணல் பல்லு. எனக்கு முட்டி போயிடுச்சு. போதும்டா சுத்தினது. வந்து உக்காரு. அம்மா எவ்வளவு நாள் ஒத்தையில இருப்பா."

"அவருதான் வந்துட்டாரே அண்ணி" என்றாள் மாதம்மா, வெங்காயம் அரிந்துகொண்டே.

"கூப்பிட்டா என்ன தப்பு. வந்தவனையும் வாடான்னுதானே சொல்றோம்."

மாதம்மா அரிவதை நிறுத்தினாள். அன்று முழுவதும் அந்தத் துணியைப் பார்க்காமல் சமைத்தாள்.

காரியத்தன்று கூடம் நிறைந்துவிட்டது. இந்திராணி, அவள் வீட்டுக்காரர், பையன், காலனியின் இரண்டு தெருக்கள். சோறு வடித்தாயிற்று. வடை, பாயசம், மூன்று கறி, சாம்பார், ரசம். சமையல்கட்டு வாசலில் ஆட்கள் நெருக்கி நின்றார்கள். மேடை முன்னால் ருக்கம்மா, அவளுக்குப் பின்னால் மாதம்மா, மாதம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கோமளா. நான் பொய் சொன்னேன், உள்ளே அவர் இல்லை, அவர் நன்றாக இருக்கிறார் என்ற மூன்றையும் மாதம்மா வரிசையாக வாய்க்குள் அடுக்கிவைத்திருந்தாள். மகள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட முடியும் என்றுதான் முன்னால் நின்றாள். ருக்கம்மா துணியின் ஒரு முனையைப் பிடித்ததும் வாயைத் திறந்தாள். துணி ஈரக் கனத்தோடு கல்லைவிட்டு உரிந்து வந்தது.

"நரைச்சுப் போச்சேடா" என்றாள் ருக்கம்மா.

மாமியார் நடுவில் இல்லை. பந்தியில் பிந்தி வருகிறவருக்கு ஒதுங்கி இடம் கொடுக்கிற மாதிரி புடவையை இழுத்துக்கொண்டு இடப்பக்கம் நகர்ந்திருந்தாள். அவள் காலி செய்த இடத்தில் நஞ்சப்பன் சம்மணம் போட்டுக் குனிந்திருந்தான். போனபோது தலை முழுக்கக் கறுப்பாக இருந்தவனுக்கு இப்போது தாடிவரை வெள்ளை. மாதம்மா ஒருநாளும் பார்த்திராத கண்ணாடி மூக்கில் இருந்தது. கட்டம் போட்ட சட்டை, நன்றாகத் துவைத்தது. மேல் பொத்தான் வேறு நிற நூலில், பொறுமையாக, இறுக்கித் தைக்கப்பட்டிருந்தது.

கோமளாவின் கை தோளிலிருந்து நழுவியது. "அப்பா கண்ணாடி போட்டிருக்காரு" என்றாள் மெல்ல.

இந்திராணி எட்டிப் பார்த்துவிட்டு, கைகூப்பி, "களையான மனுஷன்" என்றாள். "ஏம்பா, எல்லாரும் கையக் கழுவுங்க." அவளே முதலில் போய்க் கழுவி, இலை முன்னால் நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கூட்டம் கூடத்துக்கு நகர்ந்தது. நஞ்சப்பன் லாரி ஏறிப்போன நாளையும் அந்த நரையையும் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள் அங்கே சில பேராவது இருந்திருப்பார்கள். காலனிக்காரர்கள் கல்லோடு பழகியவர்கள். போட்ட கணக்கைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள்.

சமையல்கட்டில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். ருக்கம்மா ஈரத் துணியைத் தொட்டியில் போட்டுப் பிழிந்தாள். பிழிந்ததையே திரும்பவும் பிழிந்தாள்.

"நீ பார்த்தப்பவும் இப்படித்தான் நரைச்சிருந்தானா?"

"ஆமா அண்ணி."

"கண்ணாடியோட?"

"கண்ணாடியோட."

ருக்கம்மா அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று மாதம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. தான் பாயில் உட்கார்ந்து கூப்பிட்ட ஒவ்வொரு மாலையையும் அவள் திரும்ப எண்ணிக்கொண்டிருந்த மாதிரியும் இருந்தது. பிறகு துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "சோறு ஆறுது" என்று சொல்லிக் கூடத்துக்குப் போனாள்.

மாதம்மா முதல் கரண்டிச் சோற்றை விளிம்பில் வைத்தாள். ஆவி கல்லில் படர்ந்து விலகியது. மாமியாரும் அவள் மகனும் ஒரே மாதிரி குனிந்திருந்தார்கள். கூடத்தில் யாரோ சாம்பார் கேட்டார்கள், கோமளா வாளியை எடுத்துக்கொண்டு போனாள். நஞ்சப்பனை மாதம்மா ஒன்றும் கேட்க நினைக்கவில்லை. எங்கே, யார், எத்தனை வருஷம் என்பதெல்லாம் அந்தப் பொத்தானிலேயே இருந்தது. கிழவி எந்த நேரத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள், தான் கதவருகே நின்று அந்தப் பொய்யைச் சொன்னதற்கு முன்பா பின்பா என்பது மட்டும் தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்லக்கூடியவள் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.